கூட்டணி தர்மமும் எதிர்வீட்டுப் பையனும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு லேசாகக் கண்ணயர்ந்த நேரத்தில் உள்ளறையிலிருந்து ஒரு அலறல். "துரோகி! துரோகி!" பதறி எழுந்து ஓடினேன். என் மகன், வயது 14, கணினி முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு கோட்டை எரிந்துகொண்டிருந்தது. குதிரைப்படை ஒன்று உள்ளே புகுந்து கண்ணில் பட்ட குடியானவர்களையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தது.

"என்னடா ஆச்சு?"

"அவன் கேட்டுக்குள்ள இருந்தே அடிச்சுட்டாம்ப்பா. என் ஃப்ரெண்டுன்னு நான்தானே கேட்டைத் திறந்து வெச்சிருந்தேன்?"

"அவன்" என்பது எதிர் ஃப்ளாட் பையன். இருவரும் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே ஸ்கூல் வேன். பதினொரு வருடம் முன்பு நான் கும்பகோணம் பக்கத்திலிருந்து மாற்றலாகித் திருவனந்தபுரம் வந்தபோது என் மகனுக்கு மூன்று வயது. அவனுக்கு மலையாளம் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, அந்தப் பையன்தான். அன்று தொடங்கிய நட்பு, பட்டப்பகலில், கேட்டுக்குள்ளிருந்து அடிபட்டு விழுந்தது.

அடுத்த இரண்டு வாரம் எங்கள் மாடியில் பனிப்போர். லிஃப்டில் அவன் ஏறினால் இவன் படிக்கட்டு. வேனில் இவன் முன் சீட், அவன் பின் சீட். என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "இதுக்குத்தான் இந்தச் சண்டை போடற கேமெல்லாம் வேண்டாம்னேன். முதுகுல குத்தறதைத்தானே சொல்லிக்கொடுக்குது?" என்றார். நம்மில் பல வீடுகளில் இந்தத் தீர்ப்புதான் வழங்கப்படுகிறது என்று தெரியும். துபாயிலும் சிங்கப்பூரிலும் நியூஜெர்சியிலும் இதைப் படிக்கிற அம்மாக்கள் தலையாட்டுவது இங்கிருந்தே தெரிகிறது. :-)

நான் இந்தத் தீர்ப்புக்கு எதிராக அப்பீல் செய்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். காமர்ஸ் படித்தவன், கணக்கு இல்லாமல் பேசமாட்டேன்.

முதலில் விளையாட்டு. அதன் பெயர் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், இரண்டாம் பாகம். 1999ல் வந்தது. எங்கள் தலைமுறையிலேயே சில பேர் பிரௌசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஆடியிருப்பார்கள். 2019ல் புதுப்பித்து வெளியிட்டார்கள். 2022ல் திராவிடர்கள் என்று ஒரு தரப்பையே சேர்த்து, ராஜேந்திர சோழன் கதையையும் ஆட்டமாக வைத்துவிட்டார்கள். மகன் அன்றிலிருந்து திராவிடர்தான். விறகு வெட்டு, ஆடு மேய், தங்கம் தோண்டு, கோட்டை கட்டு, படை திரட்டு. கேட்பதற்கு எளிது.

கஷ்டமெல்லாம் மனுஷாளிடம்தான். ஆறு பேர் ஆடும்போது ஒவ்வொருவரும் மற்ற ஐந்து பேரைப் பற்றியும் ஒரு நிலை எடுக்க வேண்டும். நட்பு, நடுநிலை, பகை என்று மூன்று கட்டம், ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். நண்பன் என்று டிக் அடித்தால் உங்கள் கோட்டைக் கதவு அவன் படைக்குத் தானாகத் திறக்கும். நண்பனுக்குத் தங்கம், தானியம் அனுப்பலாம். அதில் ஒரு வேடிக்கை. அனுப்பும் தொகைக்கு 30 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள். நாணயம் அச்சடிக்கும் கலையைக் கற்றால் 20 ஆகும். 'பேங்கிங்' என்ற கலையைக் கற்றால் கட்டணம் பூஜ்யம்! இருபது வருடத்துக்கு மேல் பேங்கில் குப்பை கொட்டுபவன் என்ற முறையில் சொல்கிறேன், உலகத்திலேயே வங்கியைப் பற்றி இவ்வளவு நல்லெண்ணம் கொண்ட ஒரே இடம் இந்த விளையாட்டுதான்.

இதில் இன்னொரு வசதி உண்டு. ஆட்டம் தொடங்கும்போதே 'லாக் டீம்ஸ்' என்று ஒரு பெட்டியில் டிக் அடித்தால் கூட்டணிகள் பூட்டப்பட்டுவிடும். யாரும் நடுவில் கட்சி மாற முடியாது. பையன்கள் அன்று அதைப் பூட்டவில்லை. பூட்டினால் 'த்ரில்' இல்லையாம். கடைசியில் ஒருவன்தான் ஜெயிக்க முடியும் என்றும் வைத்துக்கொண்டார்கள். அப்படியானால் எந்தக் கூட்டணியும் ஏதோ ஒரு நிமிடத்தில் உடைந்தே ஆக வேண்டும். எந்த நிமிடம், யார் கையால் என்பது மட்டும்தான் கேள்வி.

இந்த மாதிரி ஆட்டங்களுக்கெல்லாம் தாத்தா ஒன்று உண்டு. 'டிப்ளமசி' என்ற பலகை விளையாட்டு. ஆலன் கால்ஹாமர் என்ற அமெரிக்கர் 1954ல் உருவாக்கி 1959ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பா, ஏழு வல்லரசுகள், ஏழு ஆட்டக்காரர்கள். தாயக்கட்டை கிடையாது, சீட்டு கிடையாது, அதிர்ஷ்டம் என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் எல்லோரும் மூலைக்கு மூலை போய்ப் பேரம் பேசுவார்கள். பிறகு தன் உத்தரவை ரகசியமாக எழுதுவார்கள். எல்லாச் சீட்டும் ஒரே நேரத்தில் பிரிக்கப்படும். சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்பது அப்போதுதான் தெரியும். அடுத்தவர் துணை இல்லாமல் முன்னேறுவது அநேகமாக முடியாது. அதனால் பொய்யே சொல்பவன் சீக்கிரம் தனியாகிவிடுவான். பொய்யே சொல்லாதவனும் ஜெயிப்பது அபூர்வம்!

2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் சிசரோ என்ற செயற்கை நுண்ணறிவை இந்த ஆட்டத்தில் இறக்கியது. இணையத்தில் மனிதர்களோடு 40 ஆட்டம் ஆடி, ஒரு ஆட்டத்துக்கு மேல் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தது. சதுரங்கத்தில் 1997லேயே காஸ்பரோவை இயந்திரம் தோற்கடித்தாகிவிட்டது. 'என்னை நம்பு' என்று மனிதனிடம் பேசி ஆட இன்னும் 25 வருடம் ஆனது. நம்பிக்கை என்பது சதுரங்கத்தைவிடக் கடினமான கணக்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சரி, எதிர்வீட்டு வழக்குக்கு வருவோம்.

ஒரு தரப்பை மட்டும் கேட்டு லோன் சாங்ஷன் செய்வது எங்கள் தொழிலில் இல்லை. ஒரு நாள் மாலை அந்தப் பையனை மொட்டைமாடியில் பிடித்தேன். "என்னடா, எதுக்கு இப்படிப் பண்ணே?" என்றதும் கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "அவனாணு அங்கிளே ஆத்யம் சதிச்சது" என்றான்.

மலையாளத்தில் 'சதி' என்றால் ஏமாற்றுவது. நம் தமிழில் சதி என்றதும் நான்கு பேர் அறைக்குள் உட்கார்ந்து திட்டம் போடுவதுதான் நினைவுக்கு வரும். பதினொரு வருடம் ஆகியும் இந்தச் சின்ன வித்தியாசங்களில் கால் இடறுகிறது. அவன் தரப்பு இதுதான். ஆட்டத்தின் நடுவில் வடக்கே அவனை இரண்டு பேர் சேர்ந்து தாக்கினார்கள். என் மகனிடம் படை கேட்டான். "இதோ வர்றேன்" என்று மூன்று தடவை சொன்னான் என் மகன். வரவில்லை. தங்கம் மட்டும் அனுப்பினான். பிறகு தெரியவந்ததாம், என் மகன் அந்த இரண்டு பேரில் ஒருவனோடு தனியாகச் சாட் செய்து, "நீ என் பக்கம் வராதே, நான் உன் பக்கம் வரமாட்டேன்" என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து மகனைக் கேட்டேன். கொஞ்ச நேரம் சீலிங் ஃபேனைப் பார்த்தான். "அது... சும்மா ஒரு சேஃப்டிக்குப்பா" என்றான்.

பாருங்கள், இரண்டாயிரம் தங்கம் அனுப்பியவன் இவன். கணக்குப் புத்தகத்தில் இவன் பக்கம் பற்று நிறைய. ஆனால் அவனுக்குத் தேவைப்பட்டது தங்கம் இல்லை, ஆள். கேட்டதைக் கொடுக்காமல் வேறு ஒன்றைக் கொடுத்துவிட்டு, "நான் எவ்வளவு செஞ்சேன்" என்று கணக்குக் காட்டுவது விளையாட்டில் மட்டும் நடக்கிறதா என்ன? ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்பிவிட்டு, அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது "லீவு கிடைக்கலை" என்று சொல்லும் நம்மைப் பற்றித்தான் சொல்கிறேன். என்னையும் சேர்த்துத்தான்.

மறுவாரம் எதிர்வீட்டு நண்பர், "பிள்ளேருடெ காரியமல்லே சாரே, விட்டுகள" என்று சிரித்தபடி, எல்லோரும் ஒரு நாள் பத்மநாபபுரம் போய் வரலாம் என்றார். இரண்டு குடும்பம், ஒரு வண்டி, இரண்டு ஜன்னலோரத்தில் இரண்டு பையன்கள், இரண்டும் ஊமை. நாகர்கோவில் ரோட்டில் தக்கலைக்குப் பக்கத்தில், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையில் முதலில் இறங்கினோம். அங்கே டி லனாய் கல்லறை இருக்கிறது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வந்தவர் டி லனாய். 1741 ஆகஸ்ட் 10ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றபோது பிடிபட்டார். பிறகு அதே ராஜாவுக்குப் படை பயிற்றுவித்து, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கி, 1777ல் இங்கேயே இறந்துபோனார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் செதுக்கியிருக்கிறார்கள். எதிரிப் படைத்தலைவன் நம் படைத்தலைவன் ஆன கதையை நான் சொன்னதும், இரண்டு ஜன்னலும் ஒரே நேரத்தில் "வொலோலோ!" என்றன. அந்த விளையாட்டின் முதல் பாகத்தில் பூசாரி மந்திரம் ஓதி எதிரியைத் தன் பக்கம் இழுக்கும்போது வரும் சத்தமாம். பனிப்போரில் விழுந்த முதல் விரிசல் அது. ஒருவரை ஒருவர் பார்த்ததும் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

குளச்சலோடு கதை முடியவில்லை. 1753ல் மாவேலிக்கரையில் டச்சுக்காரர்கள் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம் போட்டார்கள். அவர்களுக்கு மிளகு வேண்டும், ராஜாவுக்கு ஆயுதம் வேண்டும். கூடவே ஒரு ஷரத்து. மலையாளக் கரையின் மற்ற ராஜாக்களோடு வைத்திருக்கும் கூட்டுகளிலிருந்து டச்சுக்காரர்கள் விலகிக்கொள்வார்கள், ராஜா படையெடுத்தால் குறுக்கே வரமாட்டார்கள்.

"அதைச் சொல்லுங்க சேட்டா" என்று பாய்ந்தார் நண்பரின் மனைவி. அவருக்குப் பிறந்த வீடு திருப்பூணித்துறை, கொச்சி ராஜாக்களின் ஊர். "எங்க கொச்சியை நடுத்தெருவில விட்டது அந்த டச்சுக்காரன்தான்." அவர் சொல்வது சரி. போர்த்துக்கீசியரை விரட்டி 1663ல் கொச்சியில் உட்கார்ந்த நாள் முதல் டச்சுக்காரர்கள்தான் கொச்சிக்குத் துணை. தொண்ணூறு வருடக் கூட்டணி ஒரு மிளகு ஒப்பந்தத்தில் கரைந்துபோனது. கொச்சி என்ன செய்தது? யாருக்குப் பயந்ததோ அந்தத் திருவிதாங்கூரோடேயே சமாதானம் செய்துகொண்டது. 1760களின் தொடக்கத்தில் கோழிக்கோட்டு சாமூதிரியைக் கொச்சி மண்ணிலிருந்து விரட்டியது திருவிதாங்கூர்ப் படைதான். பழைய நண்பன் கைவிட்டான், பழைய எதிரி காப்பாற்றினான், அதற்கான விலையையும் வாங்கிக்கொண்டான்.

அடுத்த முறை நெருக்கடி திருவிதாங்கூருக்கே வந்தது. ஆங்கிலேயருக்கும் திப்புவுக்கும் 1784ல் ஏற்பட்ட மங்களூர் ஒப்பந்தத்தில் திருவிதாங்கூர் கம்பெனியின் நட்பு நாடு என்று எழுதியிருந்தது. 1789 டிசம்பர் கடைசியில் திப்பு நெடுங்கோட்டையைத் தாக்கினார். சென்னையில் இருந்த கவர்னர் ஹாலந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார். கல்கத்தாவில் இருந்த கார்ன்வாலிஸ் போர் என்று முடிவெடுத்த பிறகே கம்பெனி முழுதாக நகர்ந்தது. "இதோ வர்றேன்" என்று மூன்று தடவை சொன்ன கதை ஞாபகம் வருகிறதா? நான் மகனைப் பார்த்தேன். அவன் கோட்டைச் சுவரைப் பார்த்தான்.

நண்பன் வந்து காப்பாற்றினால் பில்லும் வரும். 1795 ஒப்பந்தப்படி மூன்று பட்டாளத்துக்கான செலவு திருவிதாங்கூர் தலையில். 1805ல் இன்னொரு ஒப்பந்தம், வருடத்துக்கு மொத்தம் எட்டு லட்சம் ரூபாய். அதைத் திருவிதாங்கூர் பக்கம் முன்னின்று முடித்தவர் தளவாய் வேலுத்தம்பி, நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தலக்குளத்துக்காரர். கட்ட முடியவில்லை, பாக்கி ஏறியது, ரெசிடென்ட் மெக்காலே நெருக்கினார். 1809 ஜனவரியில் குண்டறையில் நின்று கம்பெனிக்கு எதிராக மக்களைத் திரட்டியவரும் அதே வேலுத்தம்பிதான். அவருக்குத் துணை நின்றவர் கொச்சியின் பாலியத்து அச்சன். போர் திசை மாறியதும் அச்சன் கம்பெனியிடம் பணிந்துவிட்டார். வேலுத்தம்பி தனியானார். மண்ணடிக் கோயிலில் உயிர் விட்டவரின் உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். இன்று செக்ரட்டேரியட்டில் அவருக்குச் சிலை. நான் தினமும் அந்த வழியாகத்தான் ஆபீஸ் போகிறேன். எதிரே இன்னொரு சிலை, எங்கள் கும்பகோணத்தில் பிறந்து இங்கே திவானாக இருந்த சர் டி. மாதவராவ். அந்தச் சிலையால்தான் அந்த முக்குக்கே 'ஸ்டாச்சு' என்று பெயர். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவனுக்கு அதைப் பார்க்கையில் ஒரு சின்னத் தெம்பு.

இந்தச் சரித்திரத்தில் கூட்டணி மாறாத ஆள் யார் என்று தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை. ஆகவே 'கூட்டணி உடைப்பது பாவம்' என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்படி உடைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் கட்சி.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது சரித்திரப் புத்தகம் இல்லை, ஒரு கடன் கணக்கு. பல வருடம் முன்பு, வேறு ஊரில். ஒரு தொழிற்சாலைக்கு நான்கு வங்கிகள் சேர்ந்து கடன் கொடுத்திருந்தோம். கன்சார்ட்டியம் என்பார்கள். ஒரு வங்கி தலைமை. சொத்தின் மேல் எல்லோருக்கும் அவரவர் கடன் விகிதத்தில் சம உரிமை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி, வடையும் காபியும் சாப்பிட்டு, ஸ்டாக் ஸ்டேட்மென்ட் பார்த்து, "கம்பெனி மீண்டு வரும்" என்று மினிட்ஸ் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அப்படிக் கையெழுத்துப் போட்ட நால்வரில் ஒருவர், கம்பெனிக்கு வருகிற வசூலையெல்லாம் தன் வங்கிக் கணக்கு வழியாகத் திருப்பி, மெதுவாகத் தன் கடனை மட்டும் குறைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குத் தெரியவந்தபோது பானையில் ஒன்றும் மிச்சமில்லை. கணக்கு வாராக்கடன் ஆனது. விளக்கம் எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த மனிதர் "எங்க வங்கி இதிலிருந்து விலக விரும்புது" என்று மீட்டிங்கில் சொல்லியிருந்தால் எனக்குக் கோபமே வந்திருக்காது. அவரவர் வங்கிக்கு அவரவர் விசுவாசம் வேண்டும்தான். தலையாட்டிக்கொண்டே செய்தாரே, அதுதான் இன்றுவரை ஆறவில்லை. 2016ல் வந்த திவால் சட்டம் இதற்கு ஒரு பூட்டு போட்டது. வழக்கு ஏற்கப்பட்டதும் தனித்தனியாக யாரும் கடனாளி மேல் கை வைக்கக் கூடாது. கடன் கொடுத்தவர்கள் குழுவாகக் கூடி, தீர்வுத் திட்டத்தை ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். முதலில் 75 சதவீத ஓட்டு வேண்டும் என்றிருந்தது, 2018ல் 66 ஆகக் குறைத்தார்கள். என் மகன் பாஷையில் சொன்னால், 'லாக் டீம்ஸ்' பெட்டியில் பாராளுமன்றம் டிக் அடித்தது.

விளையாட்டு உலகத்திலும் இதே பாடம் பெரிய அளவில் நடந்திருக்கிறது. ஈவ் ஆன்லைன் என்று ஐஸ்லாந்துக்காரர்கள் 2003ல் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு. ஆயிரக்கணக்கான பேர் கூட்டணி அமைத்து நட்சத்திரங்களை ஆள்கிறார்கள். 2009 பிப்ரவரியில் 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' என்ற மிகப் பெரிய கூட்டணி, நிர்வாக அதிகாரம் இருந்த ஒரே ஒரு ஆள் எதிரணிக்குத் தாவியதால் கலைக்கப்பட்டது. படித்ததும் எனக்குச் சிரிப்புதான். எங்கள் கிளையில் லாக்கர் அறையைத் திறக்கவே இரண்டு பேர் சாவி வேண்டும்! 2014 ஜனவரியில் அதே விளையாட்டில் ஒரு நட்சத்திர மண்டலத்துக்குக் கட்டவேண்டிய தொகை கட்டப்படாமல் விட்டுப்போக, எதிரிகள் பாய்ந்துவிட்டார்கள். 21 மணி நேரச் சண்டை, ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஆட்டக்காரர்கள், 75 ராட்சதக் கப்பல்கள் காலி. நிஜப் பணத்தில் சுமார் மூன்று லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். ஈ.எம்.ஐ. தேதியை மறக்காதீர்கள் என்று இனி கஸ்டமரிடம் சொல்ல நல்ல உதாரணம்.

இப்போது என் மனைவியின் கேள்விக்கு. இந்த விளையாட்டு முதுகில் குத்தக் கற்றுக்கொடுக்கிறதா?

ராபர்ட் ஆக்ஸல்ராட் என்ற அரசியல் அறிஞர் 1980 வாக்கில் கம்ப்யூட்டர் நிரல்களுக்குள் ஒரு போட்டி வைத்தார். ஒவ்வொரு சுற்றிலும் எதிராளியோடு ஒத்துழைக்கலாம் அல்லது ஏமாற்றலாம். பெரிய பெரிய தந்திரங்களோடு வந்த நிரல்களையெல்லாம் வென்றது மிகச் சிறிய ஒன்று. முதலில் ஒத்துழை. பிறகு அவன் போன சுற்றில் செய்ததை நீ செய். அவன் திருந்தினால் நீயும் மன்னித்துவிடு. அவ்வளவுதான். ஆனால் அது ஜெயிக்க ஒரு நிபந்தனை உண்டு. மறுபடி மறுபடி சந்திக்க வேண்டும். இதுதான் கடைசிச் சுற்று என்று தெரிந்துவிட்டால் ஏமாற்றுவதே லாபம்.

பையன்கள் செய்த தப்பு அங்கேதான். கோட்டைக்குள் அது கடைசிச் சுற்று. ஆனால் திங்கட்கிழமை காலை அதே லிஃப்ட், அதே வேன். ஆட்டம் முடிந்தது என்று இருவரும் நினைத்தார்கள். முடியவில்லை.

நம்மைப் போல் ஊர் விட்டு வந்தவர்களுக்கு இந்தப் பாடம் மற்றவர்களைவிட அதிகம் தேவை என்று நினைக்கிறேன். ஊரில் நம் அணிகள் பூட்டப்பட்டவை. என் பெரியப்பாவும் அப்பாவும் ஒரு வரப்புக்காக ஒன்பது வருடம் பேசாமல் இருந்தார்கள். ஆனாலும் பாட்டி இறந்த அன்று பெரியப்பாதான் பந்தல்காரனைக் கூட்டிவந்தார். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடத் தேவையுமில்லை. ரத்தம் பூட்டிய அணி அது. டிக்கை எடுக்க யாராலும் முடியாது.

இங்கே நமக்கு அப்படி யாரும் இல்லை. 2018 வெள்ளத்தின்போது ரயிலெல்லாம் நின்று நான் வெளியூரில் மாட்டிக்கொண்ட மூன்று நாளும் என் வீட்டுக்குப் பாலும் காய்கறியும் வாங்கிக் கொடுத்தது எதிர்வீடு. என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்த இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தது அந்தச் சேச்சி. எங்கள் வீட்டு மாற்றுச்சாவி அவர்கள் ஆணியில்தான் தொங்குகிறது. இதில் எதையும் யாரும் பூட்டி வைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு பக்கமும் டிக் அடிப்பதால் நிற்கிறது. கேட்டதை விட்டு வேறு எதையோ கொடுத்துக் கணக்குக் காட்டினால் நிற்காது. "இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால் நிற்காது. இதை நம் பிள்ளைகள் எங்கே கற்பார்கள்? சொந்தக்காரர்கள் நடுவில் வளர்கிற பிள்ளைக்கு அவசரமில்லை. நம் பிள்ளைகளுக்கு அவசரம்.

தோற்றால் போவது மரமும் தங்கமும் மட்டும் என்கிற இடத்தில் அவர்கள் இதைக் கற்றுக்கொள்ளட்டும் என்பேன். நான் கற்றது வாராக்கடனில். அதற்கு இது தேவலை. விளையாட்டைப் பிடுங்காதீர்கள். ஆனால் முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "அவன் ஏன் அப்படிச் செஞ்சான்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் பிள்ளையின் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்த ஒரு கேள்வி கேட்கப்படாமல் போனால் என் மனைவி சொன்னதுதான் நடக்கும்.

பத்மநாபபுரத்திலிருந்து திரும்பும்போது பேச்சு வந்துவிட்டது. யார் முதலில் பேசியது என்பதில் இன்றும் இரண்டு கட்சி. மறுவாரம் 'லாக் டீம்ஸ்' போட்டு ஆடினார்கள். ஒரே நாள்தான். "போர்ப்பா, என்ன நடக்கும்னு முதல்லயே தெரிஞ்சுடுது" என்றான் மகன். இப்போது மறுபடி பூட்டாமல்தான் ஆடுகிறார்கள். ஒரே ஒரு புது விதி. கூட்டணியிலிருந்து விலகுகிறவன் சாட்டில் எழுதிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் தாக்கினால் அடுத்த இரண்டு ஆட்டத்துக்குச் சேர்க்கமாட்டார்கள்.

நோட்டீஸ் பீரியட்! இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். யாரும் இல்லையாம். எதிர்வீட்டுப் பையன்தான் எழுதினானாம், என் மகன் அதில் ஒரு வரி சேர்த்தானாம். அந்த வரி என்ன என்று கேட்டேன்.

"படை அனுப்பறேன்னு சொன்னா அனுப்பணும். இல்லைன்னா முடியாதுன்னு சொல்லிடணும்."

போன வாரம் கும்பகோணத்திலிருந்து தங்கை போன் செய்தாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், எப்போது வருகிறாய் என்றாள். "இதோ வர்றேன்" என்று சொல்ல வாய் எடுத்தேன். உள்ளறையில் மகன் விளையாடிக்கொண்டிருந்தான். "இரு, லீவு கேட்டுட்டு அரை மணி நேரத்துல சொல்றேன்" என்றேன். சொன்னேன். வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புகிறேன்.